மூன்றாவது கசெற்றின் வால்

அத்தியாயம் 9

"படம் எடுக்க வந்தனீங்களோ, விசாரிக்க வந்தனீங்களோ?"

கேட்டவர் கணேசலிங்கம். ஹனோவர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள தமிழ் வீடியோக் கடை அவருடையது. மதியம் திரும்பிய நேரம். வெளியே மழை. கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. வீட்டுக்கு வீடு தமிழ் ரீவி பிடிக்கிற சற்றலைற் தட்டு ஏறிய பிறகு கசெற்றை வாடகைக்கு எடுக்க ஆட்கள் வருவதில்லை. வேறு எங்கே போவது என்று தெரியாததால் அவர் கடையைத் திறந்து வைத்திருந்தார்.

"விசாரிக்கத்தான்," என்றார் டெனிஸ்டன்.

"ஆனால் உங்களைப் பார்க்கப் பாவமாக் கிடக்கு. போகேக்க ஒரு படமும் எடுக்கிறம்," என்றாள் கலாதேவி.

டெனிஸ்டன் ஒரு காலத்தில் மன்னாரில் பொலிஸ் சார்ஜன்ட். ஜெர்மனியில் பதினொரு வருடமாக, காணாமல் போன ஆட்களையும் பொருட்களையும் தமிழர்களுக்குத் தேடிக் கொடுக்கிறார். பாதிக்கு மேல் கிடைப்பதில்லை. கிடைத்தவையும் பெரும்பாலும் கிடைக்காமல் இருந்திருக்கலாம் என்ற வகைதான். கலாதேவி வுப்பர்டாலில் ஒரு பேக்கரியில் காலை வேலை செய்பவள். அவளிடம் கார் ஓட்டும் அனுமதி இருந்தது, அவரிடம் இல்லை. அப்படித்தான் அவள் உதவியாளர் ஆனாள். வாய் தானாக வந்தது.

டெனிஸ்டன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார்.

வுப்பர்டாலில் அல்பேர்ட் என்று ஒருவர் இருக்கிறார். அவருடைய மகள் லாராவுக்கும் பான் நகரத்து நிலக்ஷனுக்கும் கலியாணம் பேசி முடிந்துவிட்டது. வருகிற ஞாயிறு கோயில் பூசையில் ஓலை கூறி, கலியாணத்தைச் சபைக்கு அறிவிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து நிலக்ஷனின் தகப்பன் மரியதாஸ், சம்பந்தி யார் என்று கண்டுகொண்டார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் லண்டனில் அவருடைய தம்பி பிலேந்திரன் ஒரு மாடிப்படியின் அடியில் மண்டை உடைந்து கிடந்தான். அந்த வீட்டில் அவனோடு ஒரே அறையில் இருந்தவர் இதே அல்பேர்ட். அதற்கு முந்தின வாரம்தான் இருவரும் கைகலப்பு வரை போயிருந்தார்கள். லண்டன் பொலிஸ், குடித்துவிட்டு விழுந்தான் என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டது. பிலேந்திரன் குடிப்பதில்லை.

அல்பேர்ட் சொன்ன மறுமொழி ஒன்றுதான். அந்தச் சனி இரவு அவர் லண்டனிலேயே இல்லை. வடக்கே ஒரு நகரத்தில், 'த லாடர்', அதாவது ஏணி, என்ற தொலைக்காட்சித் திறமைப் போட்டியில் பாடிக்கொண்டிருந்தார். நேரடி ஒளிபரப்பு. நாடே பார்த்தது.

அந்த நாடு பிறகு அதை அழித்துவிட்டது. பதிவு நாடாவான ரேப் விலை கூடின காலம், பழைய நிகழ்ச்சியின் மேல் புதிய நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். ஏழு வருடம் ஓடிய 'த லாடரில்' மிஞ்சியவை நாலைந்து அத்தியாயங்கள், அல்பேர்ட் பாடியது அவற்றில் இல்லை. கம்பனி அப்படித்தான் பதில் எழுதியிருந்தது. மரியதாஸ் பிடிவாதமாக நின்றார். கண்ணால் பார்க்கவேண்டும், பார்த்தால் கலியாணம், இல்லையென்றால் இல்லை.

ஒரு வழி மட்டும் மிச்சம் இருந்தது. அந்தக் காலத்தில் ஜெர்மனியில் நின்ற பிரித்தானியப் படைகளுக்காக லண்டனிலிருந்து நிகழ்ச்சிகள் பெரிய கசெற்றுகளில் விமானத்தில் வந்தன. ஹனோவருக்கு வடக்கே இருந்த ஒரு முகாமில் அவற்றைச் சேர்த்து வைத்திருந்தார்கள். முகாம் மூடியபோது கசெற்றுகளையும், அவற்றைப் போடுகிற மெசினையும் ஒருவர் கொண்டுபோனார். அந்த முகாமின் படமாளிகையைத் துப்புரவு செய்த யாழ்ப்பாணத்து ஆள்.

"நான்தான்," என்றார் கணேசலிங்கம். "களவெடுக்கேல்லை. எறியப் போட்டதைத்தான் எடுத்தன்."

"கசெற்றுகள் இருக்கோ அண்ணை?"

"இருக்கு. எல்லாம் இருக்கு."

கலாதேவி டெனிஸ்டனைப் பார்த்தாள். டெனிஸ்டன் முகத்தில் மாற்றம் இல்லை. 'எல்லாம் இருக்கு' என்று தொடங்கியவர்கள் எப்படி முடித்தார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

கணேசலிங்கம் பின் அறைக் கதவைத் திறந்தார். கூரை வரை தட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு செங்கல் அளவுக் கசெற். முதுகில் வெள்ளைத் தாள் ஒட்டி, நீல மையில் தமிழ்ப் படங்களின் பெயர்கள்.

அவர் விளக்கினார். சாதாரணக் கசெற்றிலிருந்து கொப்பி அடிக்க அடிக்கப் படம் மங்கிப்போகும். இது பெரிய கசெற், தேயாது. ஒரு படம் வந்தால் முதலில் இதில் ஏற்றி வைப்பார், பிறகு தேவைக்கு இதிலிருந்து சின்னக் கசெற்றுக்கு எடுப்பார். வட ஜெர்மனியிலேயே இவருடைய கொப்பிதான் துலக்கம் என்று சனம் சொல்லும்.

"அப்ப வெள்ளைக்காரன்ரை நிகழ்ச்சி?" என்று கலாதேவி கேட்டாள்.

"அதுக்கு மேலதானே பிள்ளை படம் ஏத்தினது."

"லண்டன்காரன் அழிச்சது போதாதெண்டு நீங்களும் ஒருக்கா அழிச்சிருக்கிறியள்."

"எனக்கென்ன தெரியும்? ஒருத்தன் ஏணியில ஏறுறான், எல்லாரும் கைதட்டினம். ஆர் அதை வாடகைக்கு எடுக்கிறது?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. கலாதேவி ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வந்த தூரம் அவ்வளவும் காலில் இறங்கியது. ஓலை கூறுகிற ஞாயிறுக்கு இன்னும் நாலு நாள்.

டெனிஸ்டன் தட்டுகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரே படப் பெயர் மூன்று முதுகில் இருந்தது. அடுத்த பெயரும் மூன்றில். அதற்கடுத்ததும்.

"ஏன் அண்ணை ஒரு படத்துக்கு மூண்டு?"

ஒரு கசெற்றில் ஒரு மணித்தியாலம்தான் பிடிக்கும் என்றார் கணேசலிங்கம். எங்கள் படம் இரண்டரை மணித்தியாலத்துக்குக் குறைந்து எப்போது முடிந்திருக்கிறது?

"அப்ப மூண்டாவது கசெற்றில அரை மணித்தியாலம் மிஞ்சும். அதில என்ன போட்டனீங்கள்?"

"ஒண்டும் போடேல்லை. என்னத்தைப் போட? படம் முடிஞ்சால் நிப்பாட்டிறதுதான்."

கலாதேவி எழுந்துவிட்டாள்.

முதலாம், இரண்டாம் கசெற்றுகளை டெனிஸ்டன் தொடவில்லை. அவை முழுதாகச் செத்தவை. மூன்றாவது கசெற்றுகளை மட்டும் இறக்கி மேசையில் அடுக்கச் சொன்னார். அடுத்த பிரச்சினை, எது எந்த நிகழ்ச்சி என்பது. கணேசலிங்கம் பழைய தாள்களை உரிக்கவில்லை. அவற்றின் மேலேயே தன்னுடையதை ஒட்டியிருந்தார்.

"கேத்தில் இருக்கோ அண்ணை?" என்றாள் கலாதேவி.

"தேத்தண்ணி வைக்கவோ?"

"வையுங்கோ. மிச்ச ஆவியை நான் எடுக்கிறன்."

ஆவியில் பிடிக்கப் பிடிக்கத் தமிழ்ப் படங்களின் பெயர்கள் சுருண்டு கழன்றன. அடியில் தட்டச்சில் அடித்த ஆங்கிலம். குதிரைப் பந்தயம். கால்பந்து. சமையல். ஒரு கசெற்றில் பிரித்தானிய அரசியல்வாதி ஒருவரின் பேட்டி இருந்தது. அதன் மேல் ஏறியிருந்தது ஒரு பேய்ப்படம். பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது என்றாள் கலாதேவி. 'த லாடர்' என்று வந்தவை ஆறு. அவற்றில் ஐந்து வேறு திகதிகள். ஆறாவதில் 1977 பெப்ரவரி மாதக் கடைசிச் சனிக்கிழமை, பிலேந்திரன் விழுந்து கிடந்த அதே சனி.

அந்தக் கசெற்றைக் கையில் வாங்கிய கணேசலிங்கம் தலையைச் சொறிந்தார். இது மூன்று மணித்தியாலப் படம், வாலில் ஒன்றும் மிஞ்சியிருக்காது என்றார். பிறகு ஏதோ ஞாபகம் வந்து, இல்லை இல்லை என்றார். இந்தப் படத்தில் நடுவே இரண்டு சோகப்பாட்டும் கதாநாயகியின் தகப்பன் சாகிற கட்டமும் வரும். சனம் அதைப் பார்க்காமல் வேகமாக ஓட்டி ஓட்டி மெசினைப் பழுதாக்கினார்கள். அதனால் ஏற்றும்போதே அவர் அவற்றை வெட்டியெறிந்துவிட்டார்.

"உங்கட கத்திரிக்கோலுக்குக் கோயில் கட்டலாம்," என்றாள் கலாதேவி.

மெசின் உறுமிக்கொண்டு கசெற்றை விழுங்கியது. திரையில் ஒரு குடும்பம் கைகூப்பிச் சிரித்தது, படம் முடிந்தது. கொஞ்ச நேரம் வெறும் கோடுகள். பிறகு, அறுபட்ட இடத்திலிருந்து, ஒரு வெள்ளைக்காரனின் நடு வசனம்.

மேடையில் பொன்னிறம் பூசிய ஓர் ஏணி. பக்கத்தில் கைதட்டலின் சத்தத்தை அளக்கிற ஒரு வட்டக் கருவி, அதில் சிவப்பு முள். நாயோடு வந்த ஒரு பெண் வித்தை காட்டினாள். முள் பாதிக்கு மேல் ஏறியது, அவள் ஒரு படி ஏறினாள். பிறகு கோட் போட்ட மெலிந்த கறுத்த இளைஞன் ஒருவன் வந்தான். தொகுப்பாளர் அவன் பெயரை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, மூன்றையும் பிழையாகச் சொல்லி, சபையைச் சிரிக்க வைத்தார். அவனும் சேர்ந்து சிரித்தான்.

அல்பேர்ட் பாடினார். பழைய ஆங்கிலக் காதல் பாட்டு ஒன்று. நல்ல குரல். இப்போது அவருடைய வீட்டில் யாரும் கேட்டறியாத குரல்.

கலாதேவி கடையின் ரெலிபோனை எடுத்து வுப்பர்டாலுக்கு அடித்து, லாராவிடம், "பிள்ளை, உம்மட அப்பா கிடைச்சிட்டார்," என்றாள். மறுமுனையில் அழுகைதான் கேட்டது.

பாட்டு முடிந்தது. முள் நடுவில் நடுங்கி நின்றது, ஏறவில்லை. இளைஞன் ஏணியைத் தொடாமல் போனான்.

"திருப்பி ஓட்டுங்கோ அண்ணை," என்றார் டெனிஸ்டன்.

திருப்பிப் பார்த்தார். மூன்றாம் தரம், இளைஞனின் முகம் கிட்ட வருகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். சபையைக் காட்டுகிற இடத்திலும் ஒருமுறை நிறுத்தச் சொன்னார். பிறகு அந்தப் பகுதியைச் சாதாரணக் கசெற்றில் எடுத்துத் தரும்படி கேட்டுவிட்டு வெளியே போய் மழையில் நின்றார்.

விரைவுச் சாலையான ஔட்டோபானில் ஏறியதும் அவர் கசெற்றை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கலாதேவி லொறிகளை ஒவ்வொன்றாக முந்தினாள்.

"அண்ணை, செத்த வீட்டுக்குப் போற மாதிரி இருக்கிறியள். வெண்டிட்டம்."

"அல்பேர்ட்டின்ரை நெத்தியைப் பார்த்தனீரோ?"

பார்த்திருந்தாள். ஏதோ கறுப்பாக இருந்தது. பழைய ரேப், அழுக்காக இருக்கும் என்று நினைத்ததாகச் சொன்னாள்.

"அழுக்கெண்டால் ஆள் அசையேக்க அது நிண்ட இடத்தில நிக்கும். அது ஆளோட சேர்ந்து போனது. சிலுவை. விபூதிச் சிலுவை."

"உங்கட வேதக்கார ஆக்கள் விபூதி பூசிறதோ?"

"வருசத்தில ஒரு நாள். விபூதிப் புதன். தவக்காலம் தொடங்கிற நாள். பங்குச் சுவாமி நெத்தியில சாம்பலால சிலுவை கீறிவிடுவார்."

கலாதேவி வேகத்தைக் குறைத்தாள். அந்தப் புதனை அவளுக்கும் தெரியும். இந்தப் பக்கத்தில் கார்னிவல் கூத்து முடிந்த மறுநாள், பேக்கரியில் தலையிடியோடு வருகிறவர்களின் நாள். எப்போதும் புதன்கிழமை. ஒரு வருடமும் சனியில் வராது.

"மூண்டு நாள் முகம் கழுவேல்லைப் போல," என்று முயன்று பார்த்தாள். "லண்டன் குளிர். நானெண்டாலும் கழுவியிருக்கமாட்டன்."

"முன் வரிசையில ஒரு வயது போன வெள்ளைக்காரி இருக்கிறா. அவவுக்கும் இருக்கு. ஒருத்தர் கழுவாமல் விடலாம். மேடையில ஒருத்தரும் சபையில ஒருத்தருமா மூண்டு நாள் கழுவாமல் விடமாட்டினம்."

அதற்கு மேல் விளக்கத் தேவை இருக்கவில்லை. நிகழ்ச்சியைப் புதன் பதிந்தார்கள். சனி போட்டார்கள். நேரடி ஒளிபரப்பு என்பது பார்த்தவர்களுக்குச் சொன்ன கதை. சனி இரவு அல்பேர்ட் எங்கேயும் நின்றிருக்கலாம். மாடிப்படியின் உச்சியில் கூட.

"மரியதாஸ் கவனிப்பாரோ?"

"பேசாலையில, முழுக் கத்தோலிக்க ஊரில பிறந்த மனுசன். கோயில் மூப்பரா இருந்தவர். படம் நடுங்கினாலும் அது தெரியும்."

கடையிலிருந்து தான் அடித்த ரெலிபோன் அவளுக்கு நினைவு வந்தது. லாரா உடனே நிலக்ஷனுக்கு அடித்திருப்பாள்.

அடித்திருந்தாள். அவர்கள் வுப்பர்டாலில் படியேறியபோது லாரா கதவிலேயே சொன்னாள். பானிலிருந்து நிலக்ஷனும் தகப்பனும் வெளிக்கிட்டுவிட்டார்கள், இப்போது வந்துவிடுவார்கள். அவளுக்கு இருபது வயது. தாதி வேலைக்கு அவுஸ்பில்டுங் என்ற பயிற்சி செய்துகொண்டிருந்தாள். வேலை உடுப்பை மாற்றாமலே நின்றாள். தாய் வெரோனிக்கா மேசை முழுக்கப் பலகாரம் பரப்பி வைத்திருந்தாள்.

டெனிஸ்டன் லாராவை வெளியே அனுப்பிவிட்டுத் தாயிடம் மட்டும் சொல்லலாம் என்று நினைத்து வந்திருந்தார். லாரா அவர் கையிலிருந்து கசெற்றை வாங்கிப் போட்டுவிட்டாள்.

மகள் குரலைக் கேட்டாள். தாய் நெற்றியைப் பார்த்தாள். டெனிஸ்டனுக்குத் திரை தேவைப்படவில்லை. அவர் வெரோனிக்காவின் கையைப் பார்த்தார். சிலுவை போட எழுந்த கை நெஞ்சுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது.

வெரோனிக்கா அவரைக் குசினிக்குள் கூப்பிட்டாள். கலாதேவியும் போனாள்.

"அண்ணை, இதை இப்ப அழிக்க ஏலுமோ?"

"ஏலும். அழிச்சால் காட்ட ஒண்டும் இல்லை. காட்டினால் சொல்ல ஒண்டும் இல்லை."

"பழுதாப் போச்செண்டு சொல்லுங்கோ. கெஞ்சிக் கேக்கிறன். கொஞ்ச நாள் தள்ளட்டும்."

"லாரா பார்த்திட்டுது, வெரோனிக்கா."

கலாதேவி தன்னால் வந்த வினை என்று சொல்லத் தொடங்கினாள். வெரோனிக்கா காதில் வாங்கவில்லை. இருபத்தொரு வருடம் ஒருவரோடு படுத்தெழும்பியவள், அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒருநாளும் இரண்டாம் கேள்வி கேட்டதில்லை என்று மட்டும் சொன்னாள். கேட்கவேண்டி இருக்கவில்லையாம். ரீவியில் நின்ற மனிதர்தானே.

முன் கதவுப் பூட்டில் திறப்பு சுழலும் சத்தம் கேட்டது. அல்பேர்ட். இரும்புத் தொழிற்சாலையில் பகல் வேலை முடித்து வந்திருந்தார். நாற்பத்தாறு வயது, வயிறு விழுந்து, தலை வழுக்கை. மகள் வேலையிடத்துக்கே அடித்துச் சொல்லியிருந்தாள்.

அவர் சப்பாத்தைக் கழற்றாமல் திரைக்கு முன்னால் போய் நின்றார். டெனிஸ்டன் ஒரு பயந்த முகத்தை எதிர்பார்த்தார். அல்பேர்ட் பயப்படவில்லை. உதடு அசைந்தது, பாட்டின் சொற்களை அவர் மறந்திருக்கவில்லை.

"இந்தக் கோட் இரவல்," என்றார். "கை நீளம். பாருங்கோ, தெரியேல்லை என்ன?"

அவர் திரையில் தெரிந்த நெற்றியை விரலால் காட்டினார்.

"மேக்கப் போடுற பொம்பிளை ஈரத் துணியோட வந்தவள், நெத்தியைத் துடைக்க. நான் விடேல்லை. விடியக் கோயிலுக்குப் போய்ப் பூசினது, உங்களுக்காக அழிக்கமாட்டன் எண்டிட்டன். தொகுப்பாளர் வந்து கேட்டவர். அவருக்கும் மாட்டன் எண்டன்."

அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். சொல்லி முடித்து, கேட்டவர்களைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்குத் தெரிந்தது.

லாராவின் முகத்தில் கணக்கு ஓடியது. அவளும் கோயிலுக்குப் போய் வளர்ந்த பிள்ளைதான்.

"அப்பா," என்றாள். "சனிக்கிழமை எங்க நிண்டனீங்கள்?"

அல்பேர்ட் சோபாவின் நுனியில் இருந்தார். டெனிஸ்டனைப் பார்த்து, நீர் பொலிஸ்தானே, நீரே சொல்லும் என்பதுபோலக் கையை விரித்தார். டெனிஸ்டனுக்குத் தெரிந்தது எங்கே நிற்கவில்லை என்பது மட்டும்தான்.

"அறையிலதான்," என்றார் அல்பேர்ட். "வேற எங்க? கீழ்வீட்டுக்காரனிட்ட ஒரு சின்ன ரீவி இரவல் வாங்கி, கதவைப் பூட்டிப்போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன். ஊருக்குக் கடிதம் போட்டிருந்தன், ரீவியில வாறன் எண்டு. பிலேந்திரன் வந்து தட்டினவன். அதுக்கு முந்தின வாரம்தானே அடிபட்டனாங்கள். சத்தம் போட வாறான் எண்டு நினைச்சன். நாய்க்காரி முடிச்சு, அடுத்தது நான். என்ரை பாட்டு முடியட்டும் எண்டு இருந்தன்."

"பேந்து?" என்றாள் லாரா.

"பாட்டு முடியத் திறந்தன். அவன் கீழ கிடந்தான். தெருவில ஆரோ, நிறத்தைப் பார்த்து அடிக்கிற மொட்டைத் தலை வெள்ளைப் பொடியள், அடிச்சிருக்கிறாங்கள். சேர்ட்டெல்லாம் ரத்தம். ஏறி வந்தவன், நிக்க ஏலாமல் விழுந்திருக்கிறான்." அவர் நெற்றியைத் தடவினார். "நான் கதவைத் திரும்பப் பூட்டினன். விடியக் கண்டது வேற ஆக்கள்."

வெரோனிக்கா குசினிக் கதவில் சாய்ந்து நின்றாள். கலாதேவி ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தள்ளிவிட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம், அதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்று டெனிஸ்டன் நினைத்தார். இதற்குப் பெயர் இல்லை. இதை மரியதாஸிடம் எந்த வாயால் சொல்வது? நம்பினாலும் கலியாணம் இல்லை, நம்பாவிட்டாலும் இல்லை.

கீழே ஒரு கார் நின்றது. இரண்டு கதவுகள் சாத்தப்பட்டன. மாடிப்படியில் கால்கள் ஏறி வந்தன, ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக.

மணி அடித்தது.

யாரும் அசையவில்லை. திரையில் தொகுப்பாளர் ஒரு பெயரை இரண்டாம் முறை பிழையாகச் சொன்னார். கசெற்றை யார் திருப்பி ஓட்டினார்கள் என்று டெனிஸ்டன் பார்த்தார். ரிமோட் அல்பேர்ட்டின் கையில் இருந்தது.

மணி மீண்டும் அடித்தது. பிறகு கையால் தட்டினார்கள்.

அல்பேர்ட் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மெலிந்த இளைஞன் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமினான்.

லாரா எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.